மொய்க்கவரில் அந்த ஒரு ரூபாய்: கவர்க்காரன் கிளப்பிவிட்டதாமே?

கணக்குப்பிள்ளை:
கல்யாணச் செலவு பத்தின திரியில சோழிங்கநல்லூர் சுரேஷ் எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன். "மொய்யில் 500-ஓட 1 சேர்க்கிறது நம்ம வழக்கமே இல்லை. நாணயம் ஒட்டின கவர் விக்கிறவங்க கிளப்பிவிட்டது. ஜீபேயில 500 அனுப்பினா வேலை முடிஞ்சுது."

ராத்திரி படிச்சதுல இருந்து மனசு ஆறலை. அங்க எழுதினா செலவுக் கணக்குல காணாமப் போயிடும்னுதான் தனித் திரி.

நான் மன்னார்குடிப் பக்கம். எங்க தெருவுல எந்த விசேஷம்னாலும் மண்டப வாசல்ல மேசை போட்டு மொய் எழுதறவன் நான். எனக்கு முன்னாடி எங்க அப்பா. மேசை மேல நோட்டு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பணப்பை ரெண்டு காலுக்கும் நடுவுல. எண்ணி வாங்கறவன் தொகையை வாய்விட்டுச் சொல்லுவான், எழுதறவன் திருப்பிச் சொல்லுவான், அப்பத்தான் பேனா ஓடும். "ஐநூத்தி ஒன்னு." "ஐநூத்தி ஒன்னு." அப்பா எழுதின 1960-கள் நோட்டு இன்னும் இரும்புப் பெட்டியில இருக்கு. அதுல 5, 11, 21, 51. அபூர்வமா ஒரு 101. அந்தக் காலத்துல ஏது கவர்? பணத்தைக் கையில மடிச்சுக் கொடுத்தாங்க. கவர்க்காரன் கிளப்பிவிட்டதுன்னா அப்பா நோட்டுல அந்த ஒன்னு எங்கேருந்து வந்துச்சு? சுரேஷ் பதில் சொல்லட்டும்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
ஆஹா, எனக்குன்னே ஒரு திரி. நன்றி சார். பதில் சுலபம். அந்த நோட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

மேலூர் மீனா:
எங்க பக்கம் இதைச் செய்முறைன்னுதான் சொல்லுவோம். 501, 1001, 2001 எல்லாம் எங்க அப்பத்தா காலத்துல இருந்தே உண்டு. சுரேஷ் தம்பி சொல்றது தப்பு. ஆனா நான் வேற ஒன்னு கேக்கணும். அந்த நோட்டுல பேர் யாரு பேருல எழுதுறீங்க? நான் வேலைக்குப் போறேன், என் சம்பளத்துல எடுத்துக் கொடுக்குறேன். நோட்டுல ஏறுறது என் வீட்டுக்காரர் பேர். இதைப் பத்தி யாராவது பேசுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
போட்டோ போட மாட்டேன். மொய் நோட்டு ஊர் பார்க்கிற சாமான் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு செஞ்சாங்கன்னு அதுல இருக்கு. அஞ்சு ரூபாய் எழுதினவரோட பேரன் இன்னைக்கு எங்க ஊர்ல பெரிய மனுஷன். அவர் தாத்தா மானத்தை நான் இணையத்துல ஏத்தணுமா?

அம்மா மீனா, உங்க கேள்விக்கு அப்புறம் வர்றேன். முதல்ல இந்த ஒரு ரூபாய் தீரட்டும்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
பேரை மறைச்சுட்டுத் தொகையை மட்டும் காட்டலாமே. செல்போன்ல விரலால தேய்ச்சா பேர் மறைஞ்சிடும். பெட்டியில இருக்கு, காட்ட மாட்டேன்னா அதுக்குப் பேர் ஆதாரமா?

தென்னந்தோப்பு:
பேராவூரணிலேருந்து வர்றேன். எங்க ஊர் மொய் விருந்து தெரியாம இங்க மொய்யைப் பத்தி யாரும் பேச முடியாது. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம். ஆடி மாசம் பந்தல் போட்டு, கிடா வெட்டி, பத்திரிகை அடிச்சு, பல குடும்பம் ஒன்னா சேர்ந்து மொய் வாங்குவோம். ஒருத்தர் வச்சா அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். பணம் எண்ற மெஷின் வச்சு எண்ணுவோம். அதுல கிணறு வெட்டினவன் இருக்கான், பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வச்சவன் இருக்கான், லோடு வண்டி வாங்கினவன் இருக்கான். லட்சக்கணக்குல ஓடற எடத்துல ஒத்த ரூபாய்க்கா சண்டை? எங்ககிட்ட பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவுங்கறதுதான் பேச்சு.

கணக்குப்பிள்ளை:
தோப்பு தம்பி, உங்க ஊர் மொய் விருந்து வட்டியில்லாக் கடன். அது வேற வரவு. நாம பேசறது கல்யாண மொய். ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் குழப்பாதீங்க.

தென்னந்தோப்பு:
கடன்னு யார் சொன்னது? எங்க ஊருக்கு வந்து இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்க ஐயா. 2018 நவம்பர்ல கஜா அடிச்சு எங்க தென்னை மொத்தமும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. பல பேரால அடுத்த ஆடிக்குத் திருப்பி எழுத முடியலை. ஒருத்தன் வாசல்ல போய் ஒருத்தனும் நிக்கலை. கடன்காரன் நிக்காம இருப்பானா?

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
சார் சொன்ன ஒரு வார்த்தையிலயே அவர் கட்சி உடையுது. உங்க ஊர் மொய் கடன்னா எங்க ஊர் மொய்யும் கடன்தான். நான் பொறந்தது திண்டுக்கல் பக்கம். அப்பா போனப்ப எனக்கு வந்த சொத்து ஒரு ஓட்டு வீடும் ஒரு மொய் நோட்டும். வீட்டைவிட நோட்டு கனம். லீவு போட்டு, பஸ் பிடிச்சு, எனக்கு முகமே தெரியாதவங்க கல்யாணத்துக்கெல்லாம் போய்த் திருப்பி எழுதிட்டு வர்றேன். அம்மா போனைப் போட்டு நோட்டைப் படிப்பாங்க: "இவங்க நமக்கு 251 எழுதியிருக்காங்க, நீ 501 எழுது." அந்த ஒன்னை ஏன் சேர்க்கணும்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியாது. தெரியாததை வழக்கம்னு சொல்லி நம்ம தலையில கட்டுறீங்க.

கணக்குப்பிள்ளை:
ஒருத்தருக்கும் தெரியாதாம்! நான் சொல்றேன், கேட்டுக்குங்க. 500-ன்னு எழுதினா கணக்கு நேர் ஆயிடும். முழுத் தொகை, பைசல். 501-ன்னா அந்த ஒன்னு அடுத்ததுக்கு ஆரம்பம். உங்க வீட்டுக்கு இன்னும் வருவேன், நீங்களும் எங்க வீட்டுக்கு வரணும்னு அர்த்தம். வாங்கின 501-க்கு அதே 501-ஐத் திருப்பி எழுதினாலே எங்க பக்கம் முகம் சுளிப்பாங்க. "என்ன, கணக்கு முடிச்சுட்டாங்களா?"ன்னு கேப்பாங்க. கூட்டித்தான் எழுதணும். எங்க தெருவுல பங்காளிகள் ரெண்டு வீடு. ஒருத்தர் மக கல்யாணத்துக்கு இன்னொருத்தர் 500 எழுதினார். எழுதினவன் நான். "ஒன்னு?"ன்னு கேட்டேன். "போதும், எழுதுங்க"ன்னார். அன்னையிலிருந்து அந்த ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதையும் கவர்க்காரன்தான் கிளப்பிவிட்டானா?

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
ஒரு ரூபாய்க்காக ரெண்டு குடும்பம் பேசாம இருக்கு, அதைப் பெருமையாச் சொல்றீங்க. சரி, போட்டோ எங்கே?

துபாய் தங்கராசு:
எல்லாருக்கும் வணக்கம். நான் வெளிநாட்டுல இருக்கேன். ஊர்ல கல்யாணம்னா ஜீபேயில 501 அனுப்புறேன். ஒரு ரூபாயும் போயிடுது. இதுல என்ன பிரச்சினை அண்ணே? 2021 ஜனவரியில மதுரையில ஒரு கல்யாணப் பத்திரிகையிலயே கியூஆர் கோடு அச்சடிச்சிருந்தாங்கன்னு செய்தி வந்துச்சே.

கணக்குப்பிள்ளை:
பிரச்சினை இருக்கு தம்பி. அந்த ஒன்னு நாணயமா இருக்கணும். உலோகம். லட்சுமி.

மேலூர் மீனா:
இல்லையே, எங்க வீட்டுல ஒரு ரூபாய் நோட்டுதான் வைப்போம். கல்யாண சீசன்ல புதுக் கட்டு தேடி அலையுவாங்க.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
ஒரு ரூபாய் நோட்டு அச்சடிக்கிறதையே 1994-ல நிறுத்திட்டாங்க. 2015-லதான் மறுபடி விட்டாங்க. நடுவுல இருபது வருஷத்துக்கு மேல உங்க லட்சுமி எங்க போயிருந்தா மீனாக்கா?

மேலூர் மீனா:
தம்பி, லட்சுமி நாணயத்துல இருக்கான்னு சொன்னது அவர், நான் இல்லை. யார் எழுதினதுன்னு பார்த்துட்டுக் கிண்டல் பண்ணுங்க. நிறுத்தினா என்ன, பழைய நோட்டு பீரோவுல இருந்துச்சு, அதைத்தான் வச்சோம். என் கேள்விக்கு இன்னும் யாரும் வாயே திறக்கலை. நோட்டுல யார் பேரு?

ஆடிட்டர் ஆபீஸ் அன்பு:
சட்டம் தெரிஞ்சவன்ங்கற முறையில ரெண்டு தகவல் சொல்றேன். நாணயச் சட்டம் 2011-ன்படி ஒரு ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்கும் செல்லுபடியாகும். ஆக நாணயமாக் கொடுத்தாலும் சரி, நோட்டாக் கொடுத்தாலும் சரி, மதிப்பு ஒன்னுதான். ரெண்டாவது, வருமான வரி. கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்ற அன்பளிப்புக்கு வரி கிடையாது. காதணி விழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் அந்த விலக்கு இல்லை. உறவினர் அல்லாதவங்ககிட்டேருந்து வருஷத்துல வர்றது 50,000-ஐத் தாண்டினா முழுத் தொகைக்கும் வரி. சித்தப்பா பையன், மாமா பொண்ணு எல்லாம் சட்டத்துல உறவினர் பட்டியல்ல இல்லை. பேராவூரணி நண்பர் கவனிக்கவும்.

தென்னந்தோப்பு:
என்னது? சித்தப்பா மகன் உறவு இல்லையா? எந்த ஊர் சட்டம் இது? எங்க ஊர்ல சாவு விழுந்தா முதல்ல வந்து நிக்கறவனே அவன்தான்.

ஆடிட்டர் ஆபீஸ் அன்பு:
இந்தியச் சட்டம். சித்தப்பா உறவினர். சித்தப்பா பையன் இல்லை. நான் எழுதின சட்டமில்லை சார்.

தென்னந்தோப்பு:
அப்ப போய் மாத்தச் சொல்லுங்க. ஆடி மாசம் எங்க ஊர்ப் பந்தலுக்கு வந்து ஒவ்வொருத்தரா நிறுத்தி "நீ உறவா"ன்னு கேட்டுப் பாருங்க, இலை போட்டுட்டுத்தான் பதில் சொல்லுவான்.

கணக்குப்பிள்ளை:
திரியை எங்கேயோ இழுத்துட்டுப் போறீங்க. அன்பு சார், "மதிப்பு ஒன்னுதான்"னு நீங்க சொன்னதுதான் இங்க தப்பு. மதிப்புக்காக அந்த ஒன்னை யாரும் வைக்கறதில்லை. 1957 ஏப்ரலுக்கு முன்னாடி அணாக் கணக்கு. அப்ப கோயிலுக்கும் குருக்களுக்கும் ஒன்னேகால், அஞ்சேகால், பதினொன்னேகால்னு வைப்பாங்க. அந்தக் கால் எதுக்கு? முழுத் தொகையா நிறுத்தக் கூடாதுங்கறதுக்கு. நயா பைசா வந்த பின்னாடியும் நாலணாவை விடலை. 2011 ஜூன் 30-ஓட 25 காசு செல்லாதுன்னு அறிவிக்கிற வரைக்கும் எங்க ஊர் அம்மன் கோயில்ல முடிச்சுல நாலணா இருந்துச்சு. தொகைக்கு மேல ஒரு துளி வைக்கிறது நம்ம கை வழக்கம். கவருக்கு முன்னாடியே, காகித நோட்டு எல்லார் கையிலயும் பொழங்கறதுக்கு முன்னாடியே இருக்கிற வழக்கம்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
கோயில் காணிக்கையும் மொய்யும் ஒன்னா? தோப்புக்காரர்கிட்ட மட்டும் "ரெண்டையும் குழப்பாதீங்க"ன்னு சொன்னீங்களே. உங்களுக்குன்னா குழப்பலாமா?

அப்புறம் இதையும் கேளுங்க. என் தங்கச்சி கல்யாணம் 2016 நவம்பர்ல, 500-ம் 1000-ம் செல்லாதுன்னு அறிவிச்ச எட்டாம் தேதிக்கு அடுத்த முகூர்த்தம். வந்த கவர்ல முக்கால்வாசி பழைய 500. வீட்டுல இருந்த செல்லாத நோட்டையெல்லாம் நம்ம தலையில தள்ளிவிட்டாங்க. அதை மாத்த அப்பா நெஞ்சு வலியோட பேங்க் வரிசையில நின்னார். இன்னைக்கு நான் திருப்பி எழுதறது நல்ல 500. நோட்டுல 501 இருக்குன்னு அம்மா படிக்கிறாங்க, என்ன நிலைமையில அது வந்துச்சுன்னு எந்த நோட்டும் சொல்லலை. இதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை:
சொல்றேன். டிசம்பர் 30 வரைக்கும் பேங்க்ல கட்ட டைம் கொடுத்தாங்க, கட்டினீங்க, பணம் கணக்குல ஏறிச்சு. அப்பா கஷ்டப்பட்டது நிஜம், அதை நான் குறைச்சுப் பேசலை. ஆனா யோசிங்க. அன்னைக்கு அந்தக் கவர்ல கடைக்குக் கொண்டுபோனா செல்லுபடியானது எது? அந்த ஒரு ரூபாய் ஒன்னுதான்.

மேலூர் மீனா:
இது நல்ல அடி.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
நெஞ்சு வலியோட வரிசையில நின்ன மனுஷனைப் பத்தி எழுதினா அதுலயும் ஒரு ரூபாயைத்தான் பொறுக்குறீங்க. மீனாக்கா அதுக்குக் கைதட்டுறீங்க. போன வருஷம் பந்தியில இலை மடிக்கிற திரியிலயும் இதே மாதிரிதான் சேர்ந்துக்கிட்டு என்னை ஓட்டினீங்க, நான் மறக்கலை.

மேலூர் மீனா:
இலைத் திரியில நீங்க என்னைப் "பட்டிக்காட்டு அக்கா"ன்னு எழுதினீங்க. நானும் மறக்கலை.

துபாய் தங்கராசு:
அண்ணே, என் கேள்வி அப்படியே நிக்குது. ஜீபேயில அனுப்பின 501 செல்லுமா செல்லாதா? அடுத்த மாசம் மச்சினன் கல்யாணம்.

கணக்குப்பிள்ளை:
நோட்டுல ஏறும். ஆனா மச்சினனுக்கு நீங்க நேர்ல வரணும். முடியலைன்னா ஊர்ல இருக்கிற உங்க அண்ணன் கையில நாணயத்தைக் கொடுத்து அனுப்புங்க. மேசையில வந்து ஒருத்தர் நிக்கணும். "தங்கராசு, வெளிநாடு, இன்னார் மகன்"னு நான் எழுதும்போது பக்கத்துல நிக்கற நாலு பேருக்குக் காதுல விழணும். செல்போன்ல டிங்குனு சத்தம் வந்தா யாருக்குத் தெரியும்? எத்தனையோ கல்யாணத்துல பார்த்துட்டேன், போன்ல வந்ததை மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரும் நோட்டுல ஏத்தறதில்லை. மறுவருஷம் "அவன் நமக்கு ஒன்னும் செய்யலையே"ன்னு பேச்சு வரும்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
நோட்டுல ஏத்தாதது எழுதறவங்க சோம்பேறித்தனம். பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதி, நேரம், பேர் எல்லாம் பக்காவா இருக்கும். எங்க ஊர்ல இப்ப கம்ப்யூட்டர்ல மொய் எழுதி அங்கேயே ரசீது கொடுக்கிறாங்க. உங்க இரும்புப் பெட்டி நோட்டைவிட அது பத்திரம். அதுலயாவது போட்டோ கேட்டா கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:
கம்ப்யூட்டர்ல எழுதட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. அந்த ரசீதுல எவ்வளவு அச்சாகுது? 501. கம்ப்யூட்டருக்கும் கவர் கம்பெனிதான் சொல்லிக் கொடுத்துச்சா?

ஆடிட்டர் ஆபீஸ் அன்பு:
ரசீது கொடுத்தா அது ஆவணம். காதணி விழாவா இருந்தா கவனம்.

தென்னந்தோப்பு:
இவரை யாராவது நிறுத்துங்கப்பா.

மேலூர் மீனா:
நான் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கு. இப்ப விளக்கமாவே எழுதுறேன், படிங்க. எங்க பெரியம்மா வீட்டுக்காரர் சின்ன வயசுலயே போயிட்டார். பெரியம்மா பால் மாடு வச்சுப் பிழைச்சாங்க. சொந்தத்துல ஒரு விசேஷம் விடாம செய்முறை செஞ்சாங்க. எல்லா நோட்டுலயும் "கருப்பையா மனைவி"ன்னுதான் இருக்கும், அவங்க பேர் கிடையாது. மக கல்யாணத்துக்கு அது திரும்பி வரணும்ல? வந்தவங்க நோட்டைப் புரட்டிக் கருப்பையாங்கற பேரைத் தேடினாங்க. சில பேர், அவர்தான் இல்லையே, விட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. பெரியம்மா ஒருத்தர்கிட்டயும் கேக்கலை. கேட்டா மரியாதை போயிடும்னு இருந்துட்டாங்க. நீங்க ஒத்த ரூபாயை இவ்வளவு தொலாவுறீங்களே, அவங்க கொடுத்த அத்தனை ஒத்த ரூபாயும் எங்கண்ணே போச்சு?

கணக்குப்பிள்ளை:
அம்மா, அது நோட்டுப் பார்த்தவங்க தப்பு. எங்க பக்கம் அப்படி நடக்காது. குடும்பத்துல யார் இருந்தாலும் கணக்குக் குடும்பத்துக்குத்தான்.

மேலூர் மீனா:
நடக்காதுன்னு சொல்றீங்க. உங்க அப்பா எழுதின நோட்டுல எத்தனை பொம்பளைங்க பேர் சொந்தப் பேரா இருக்கு? எண்ணிச் சொல்லுங்க. போட்டோ கேக்கலை. எண்ணிக்கை மட்டும் போதும்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
இப்ப அக்காவும் ஆதாரம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மேலூர் மீனா:
உங்களுக்கு ஆதரவா எதுவும் எழுதலை, குறுக்க வராதீங்க. ஒரு ரூபாய் வழக்கம்தான். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா சுரேஷ், மீனாவே சொல்லிட்டாங்க, வழக்கம்னு. மன்னார்குடி சொல்லுது, மேலூர் சொல்லுது. திண்டுக்கல்ல உங்க அம்மாவும் நோட்டைப் பார்த்து 501-ன்னுதான் படிக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் 500-ன்னு நிக்கறீங்க.

துபாய் தங்கராசு:
அண்ணே, அப்ப ஜீபேயில 500, அண்ணன் கையில ஒரு ரூபாய் நாணயம். இப்படிச் செஞ்சா சரியா?

கணக்குப்பிள்ளை:
ரெண்டா உடைக்கக் கூடாது தம்பி. அது இன்னும் மோசம்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
ஏன் மோசம்? எந்த நோட்டுல எழுதியிருக்கு? போட்டோ போடுங்க.

மேலூர் மீனா:
எண்ணிக்கை இன்னும் வரலை.

கணக்குப்பிள்ளை:
உடைச்சுக் கொடுத்தா நோட்டுல ரெண்டு வரி விழும், ரெண்டு மொய்யாத் தெரியும், திருப்பி எழுதறவன் எதுக்கு எழுதுவான்? ஒரே கையில, ஒரே தடவையில, ஐநூத்தி ஒன்னு. இதுக்குப் போட்டோ தேவையில்லை. வைகாசியில மன்னார்குடிப் பக்கம் எந்த மண்டபத்துக்கு வேணும்னாலும் வாங்க, மேசையில என் பக்கத்துலயே உட்காரலாம்.

சோழிங்கநல்லூர் சுரேஷ்:
வைகாசி முழுக்க எனக்குத் திண்டுக்கல்ல திருப்பி எழுதற வேலை இருக்கு சார்.